மழையில் ஒரு பாலம்

ஐப்பசி மாதத்து அடைமழையில் அகப்பட்டுக்கொண்ட மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் மூன்றுதான் உண்டு. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். சுடச்சுட பஜ்ஜி வேண்டுமென்று கேட்டு வீட்டிலுள்ளவர்களின் கோபத்துக்கு ஆளாகலாம். அல்லது சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அன்று நாம் இருந்தது குயிலாப்பாளையத்தில், ஒரு சிநேகிதர் வீட்டில். விருந்தாளியாகப் போன இடத்தில் முதல் இரண்டு காரியங்களும் மரியாதையாகா. ஆகவே மூன்றாவதை மேற்கொண்டோம்.

புதுச்சேரிக்கு வடக்கே, கடலிலிருந்து சற்று மேடேறிய செம்மண் பூமியில் இருக்கிறது குயிலாப்பாளையம். பக்கத்திலேதான் 1968-ம் வருஷத்தில் ஆரோவில் தோன்றியது. அங்கே மழை பெய்தால் வெறும் தண்ணீர் ஓடுவதில்லை. குங்குமத்தைக் கரைத்து விட்டாற்போல் செந்நீர் ஓடுகிறது. மரமில்லாமல் மொட்டையாய்க் கிடந்த காலத்தில் அந்த வெள்ளம் மண்ணை அரித்து அரித்து ஆழமான ஓடைகளை உண்டாக்கிவிட்டது. பிற்பாடு நட்ட மரங்கள்தான் அந்த அரிப்பை ஒருவாறு தடுத்து நிறுத்தின. வடக்கே இன்னும் சிறிது தூரம் போனால் மரக்காணம். உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் பரந்து கிடக்கும் கடற்கரை.

இவ்வளவும் ஜன்னலுக்கு வெளியே இருந்த விஷயம். சுவரில் இருந்ததும் மழைதான்.

அது ஒரு ஜப்பானியச் சித்திரத்தின் பிரதி. இரவு வேளை, பெரிய இரும்புப் பாலம், அதன் கம்பிச் சட்டங்கள் இருட்டிலே கறுத்து நிற்கின்றன. விளக்கின் ஒளி நனைந்த பாதையில் விழுந்து பரவியிருக்கிறது. கொட்டுகிற மழையில் ஒரு ரிக்ஷா போகிறது. அவ்வளவுதான் படம். சிரிக்கும் பெண்ணும் இல்லை, சீறும் புலியும் இல்லை. ஆயினும் அதைப் பார்க்கப் பார்க்க, நம்முடைய மேல்துண்டும் நனைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

சிநேகிதர் வீட்டில் ஓர் ஆயா வேலை செய்கிறார். மரக்காணத்து உப்பளங்களில் பல காலம் உழைத்து, கால் தாங்காமற் போன பிறகு இங்கே வந்தவர். காப்பி கொண்டுவந்து வைத்த அவர், நாம் சித்திரத்தையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு தாமும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"பாவம், இந்த மழையிலே இழுத்துக்கிட்டுப் போறான். வண்டியிலே குந்தியிருக்கிற மவராசன் கூலியைக் கொஞ்சம் சேத்துக் குடுத்தானோ என்னவோ, சாமி!" என்றார்.

நாம் அதுவரையில் பார்த்தது விளக்கின் ஒளியை, பாலத்தின் அழகை. ரிக்ஷாக்காரன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்பது கண்ணில் பட்டதேயன்றிக் கருத்தில் படவில்லை. ஆயாவின் ஒரு வார்த்தையினால் அந்தப் படத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. நேயர்களும் நம்முடன் சேர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

* * *

பாலத்தின் பெயர் ஷின் ஓஹாஷி. 'புதிய பெரும் பாலம்' என்று பொருள். டோக்கியோ நகரில் சுமிதா என்னும் நதியின்மேல் இருப்பது. சித்திரத்தை எழுதியவர் கவாஸே ஹஸுயி. எழுதிய வருஷம் 1926. 'டோக்கியோவின் இருபது காட்சிகள்' என்ற வரிசையில் இது ஒன்று.

பெயர்தான் புதிய பாலமே தவிர, பாலம் மிகப் பழையது. அந்தப் பெயரில் முதலில் ஒரு மரப் பாலம் 1693-ம் வருஷத்தில் கட்டப்பட்டது. அப்பொழுது டோக்கியோவுக்கு எடோ என்று பெயர். அந்த மரப் பாலத்தை மழையில் எழுதி உலகப் பிரசித்தி பெறச் செய்தவர் ஹிரோஷிகே என்ற மகா சித்திரக்காரர். 1857-ல் வெளிவந்த அந்தப் படத்தில், திடீரென்று கொட்டிய மழைக்குப் பயந்து ஜனங்கள் பாலத்தின்மேல் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள். குடையும் பாயும் தலைக்கு மேலே. ஆற்றிலே ஒருவன் தனியாகக் கட்டுமரம் போன்ற மிதவையைத் தள்ளிக்கொண்டு போகிறான். முப்பது வருஷம் கழித்து, 1887-ல், ஐரோப்பாவிலே வின்சென்ட் வான்கோ என்ற ஓவியர் இதைக் கண்டு மயங்கி, எண்ணெய் வர்ணத்தில் அப்படியே ஒரு பிரதி எழுதிக்கொண்டார். ஐரோப்பியர்களிடம் நாம்தான் சித்திரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருப்பவர்கள் இந்த விஷயத்தைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

மரப் பாலம் போய் 1912-ல் இரும்புப் பாலம் வந்தது. பதினொரு வருஷங்கள் கழிந்தன. 1923 செப்டம்பர் 1-ந் தேதி, நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், பூமி நடுங்கியது. வீடுகளிலெல்லாம் பகல் சமையலுக்காக அடுப்பு மூட்டியிருந்த நேரம். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன நகரம் தீப்பிடித்துக்கொண்டது. ஒரு லக்ஷம் பேருக்கு மேல் மாண்டார்கள். தீக்குத் தப்பி நதியைக் கடக்க ஓடிவந்தவர்களுக்குப் பாலங்களே எமனாயின. பல பாலங்கள் எரிந்தன. ஆனால் ஷின் ஓஹாஷி எரியவில்லை. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பாலத்தில் ஏறினால் அவற்றில் நெருப்புப் பற்றிக்கொள்ளும் என்று கண்ட போலீஸ்காரர்கள், சாமான்களைப் போட்டுவிட்டு ஆளை மட்டும் போகச் சொன்னார்கள் என்பார்கள். அன்று அந்தப் பாலத்தினால் உயிர் பிழைத்தவர்கள் மிகப் பலர். அதனால் 'மனிதரைக் காத்த பாலம்' என்று அதற்குப் பெயர் வந்தது.

ஹஸுயி அதை எழுதியது இதற்கு மூன்றே வருஷங்களுக்குப் பின்னால் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த நெருப்பில் அவருடைய வீடும் போயிற்று. அதுவரையில் ஊர் ஊராய்த் திரிந்து எழுதி வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளும் போயின. அவருடைய படங்களை வெளியிட்ட வதனாபே ஷோஸாபுரோவின் கடையும், அதிலிருந்த அச்சுக்கட்டைகளும் சாம்பலாயின. பிழைத்து எழுந்தவர் பாலத்தை எழுதினார். படத்தில் நெருப்பு இல்லை, கூக்குரல் இல்லை, மழைதான் இருக்கிறது. அந்தப் பாலத்தை அறிந்த டோக்கியோவாசி ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்தத் தண்ணீர் அவனுடைய மனத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

* * *

இனி, இந்த மழை எப்படிப் பெய்கிறது என்று பார்ப்போம்.

தூரிகையால் எழுதுகிறவருக்கு மழை சுலபம். சாய்வாகச் சில கோடுகள் இழுத்தால் மழை. ஆனால் இது மரத்தில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கிற சித்திரம். சித்திரக்காரர் மெல்லிய காகிதத்தில் கோட்டுப் படத்தை எழுதிக் கொடுப்பார். அதைச் செர்ரி மரப் பலகையின்மேல் குப்புற ஒட்டி, செதுக்குகிறவர் கோட்டைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிப் பலகை. மழைக்கும் ஒன்று. மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான கோடுகள் உடையாமல் நிற்க வேண்டும். அவற்றுக்கு இடையிலுள்ள மரம் மட்டும் போக வேண்டும். கைதவறி ஒரு தாரை உடைந்தால் அந்த இடத்தில் மழை நின்று போகும்! ஹிரோஷிகேயின் படத்தில் இரண்டு பலகைகள், சற்றே வெவ்வேறு சாய்வுள்ள தாரைகளுடன், ஒன்றின்மேல் ஒன்றாக ஒற்றப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அந்த மழை காற்றில் அலைகிறாற்போல் தோன்றுகிறது.

பிறகு அச்சிடுகிறவருடைய முறை. இதற்கு யந்திரம் கிடையாது. நீரில் கரைத்த வர்ணத்தைப் பலகையில் பூசி, ஈரப்பதமான காகிதத்தை அதன்மேல் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான ஒரு தேய்ப்பானால் முதுகுப்புறத்தில் தேய்ப்பார். காகிதம் முசுக்கட்டை இனத்து மரத்தின் பட்டை நாரால் செய்தது. எத்தனை தடவை நனைந்தாலும் கிழியாது. வானத்தில் மேலே கருநீலமாகவும் கீழே வெளுத்தும் வர வேண்டுமானால், பலகையிலேயே ஈரத் துணியாலோ தூரிகையாலோ வர்ணத்தைத் துடைத்துத் தேய்த்து மங்கச் செய்ய வேண்டும். பத்து, இருபது, முப்பது தடவை ஒற்றினாலும் ஒரு வர்ணம் மற்றொன்றின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார, பலகையின் மூலையில் ஒரு சின்ன அடையாளப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அவ்வளவு பெரிய வித்தை அவ்வளவு சிறிய பள்ளத்தில் நிற்கிறது.

ஆக, ஒரு படத்துக்குச் சித்திரக்காரர், செதுக்குகிறவர், அச்சிடுகிறவர், வெளியிடுகிறவர் என்று நால்வர் வேண்டும். எடோ காலத்தில் இப்படங்கள் ஒரு கிண்ணம் நூடில்ஸின் விலைக்குக் கிடைத்தன; சாதாரணக் கடைக்காரனும் வண்டிக்காரனும் வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். பிற்பாடு புகைப்படமும் கல் அச்சும் வந்து தொழில் நசிந்தது. 1915-ம் வருஷ வாக்கில் வதனாபே இதற்கு மறுபடியும் உயிர் கொடுக்க முனைந்தார். 'ஷின் ஹங்கா', அதாவது 'புது அச்சுச் சித்திரம்' என்று அதற்குப் பெயர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உள்ளூரைக் காட்டிலும் வெளியூரில்தான் இதற்கு ஆதரவு அதிகம். 1930-லும் 1936-லும் அமெரிக்காவில் டொலீடோ நகரத்துக் காட்சிசாலையில் இப்படங்களின் பெரிய கண்காட்சிகள் நடந்தன. தன் ஊரின் அழகு தனக்குத் தெரிய அடுத்த ஊரான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வியாதி ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல என்று நமக்குத் தெரியும்.

* * *

இப்பொழுது ஆயாவின் ரிக்ஷாக்காரனிடம் வருவோம்.

'ரிக்ஷா' என்ற சொல்லே ஜப்பானிலிருந்து வந்தது. 'ஜின்ரிகிஷா' என்றால் மனித பலத்தால் ஓடும் வண்டி. 1870-ம் வருஷத்தை ஒட்டி அங்கே தோன்றி, ஆசியாவெங்கும் பரவி, நமது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் மழைக்காலத்து ரிக்ஷாவை அறிந்தவர்களுக்கு அதன் லக்ஷணம் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் ஒரு படுதா. அவருக்கு மழை தெரியாது. இழுக்கிறவனுக்குத் தலையில் ஒரு துணி. அவனுக்கு மழையைத் தவிர வேறொன்றும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் அவன் இழுக்க, படுதாவுக்குள்ளிருந்து "கொஞ்சம் சீக்கிரம் போயேன்" என்று குரல் வரும். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டியை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1973-ம் வருஷம் வரையில் ஆயிற்று. அவ்வாண்டில் அரசாங்கம் கை ரிக்ஷாவை நிறுத்தி, சைக்கிள் ரிக்ஷாக்களைக் கொடுத்தது.

ஹஸுயி இதையெல்லாம் நினைத்து எழுதினாரா என்று கேட்டால், நாம் அவருடைய மனத்துக்குள் புகுந்து பார்த்ததில்லை. ஆனால் பாலத்தை மட்டும் எழுதி விட்டுவிடாமல், அதன்மேல் ஒரு ரிக்ஷாவையும் வைத்தார் என்பது நிச்சயம். அந்த வண்டியை எடுத்துவிட்டால் படத்தில் இரும்பும் தண்ணீரும்தான் மிஞ்சும். மழைக்கு அளவுகோல் மனிதன்தான். அவன் நனையாவிட்டால் மழை பெய்ததாகவே தெரியாது.

நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கார்காலத்தை முல்லைத் திணைக்கு வைத்து, அதற்கு உரிப்பொருளாக என்ன சொன்னார்கள்? மேகத்தையோ மின்னலையோ சொல்லவில்லை. பிரிந்தவனுக்காகக் காத்திருத்தலைச் சொன்னார்கள்.

* * *

மரக்காணத்து மழைக்கு உரிப்பொருள் என்ன? அதை ஆயாவிடமே கேட்டோம். நமக்குக் கிடைத்த விவரம் இது.

தை, மாசியில் பாத்திகளைத் திருத்துவார்கள். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். கடல் நீரையும் நிலத்தடி உவர்நீரையும் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, நீர் முற்றி உப்புப் பூத்ததும் வாரிக் கரையில் குவிப்பார்கள். வெயில் எவ்வளவுக்கெவ்வளவு கொடுமையோ அவ்வளவுக்கவ்வளவு விளைச்சல் நல்லது. மற்ற உழவர்கள் வானத்தைப் பார்த்து மழையை வேண்டுவார்கள்; உப்பு உழவர்கள் மழையே வராதிருக்க வேண்டுவார்கள். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் போதும். விளைந்த உப்பு கரையும். முற்றிய நீர் இளகும். பாத்தியை மறுபடியும் திருத்த வேண்டும். ஐப்பசி பிறந்தால் அந்த வருஷத்து வேலை முடிந்தது. உப்பு அம்பாரங்களை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டு, வேறு கூலி தேடிப் போக வேண்டியதுதான்.

2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைப்பற்றிப் பேசுகையில் ஆயா சொன்னது ஒன்றே: "பாத்தி எது, கடல் எது, ஒண்ணும் தெரியலே சாமி. எல்லாம் ஒரே தண்ணி." ஒரு மகா சித்திரக்காரர் இதைக் கேட்டிருந்தால் அப்பொழுதே காகிதத்தை எடுத்திருப்பார்.

உப்பு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் காந்தி மகான் தண்டியில் உப்பெடுத்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். அதே வருஷத்துக் கடைசியில் ஜப்பானிலிருந்து யோஷிதா ஹிரோஷி என்ற அச்சுச் சித்திரக்காரர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம் தேசத்துக்கு வந்தார். ஊர் ஊராய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய், காசிப் படித்துறை, தாஜ்மஹால், அமிர்தசரஸ் பொற்கோயில், உதயபுரி அரண்மனை எல்லாவற்றையும் மரத்தில் செதுக்குவித்து 1931, 1932-ம் வருஷங்களில் வெளியிட்டார். நமது மதுரைப் பெருங்கோயிலும் அந்த வரிசையில் உண்டு. இவர் 1929-ல் டோக்கியோவின் ககுராஸாகா வீதியை இரவு மழைக்குப் பிந்திய ஈரத்துடன் எழுதிப் புகழ் பெற்றவர். மழையின் ரகசியம் அறிந்த கைதான் மதுரையையும் எழுதிற்று.

மதுரையை எழுத ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். மதுரையிலிருந்து எழுத யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அதே 1930-ல் சாந்திநிகேதனத்தில் நந்தலால் வசு லினோலியத் துண்டில் ஒரு சித்திரம் செதுக்கினார். கறுப்பு நிறப் பின்னணி, வெள்ளைக் கோடுகள், கையில் கோலூன்றி நடக்கும் காந்தி. வர்ணம் இல்லை, மாளிகை இல்லை. செலவோ மிகச் சொற்பம். தேசம் முழுவதும் அறிந்த படமாயிற்று. அந்த நந்தலாலும் 1924-ல் ரவீந்திரநாதருடன் ஜப்பான் சென்று பார்த்து வந்தவர்தான். நல்ல மாணாக்கன் குருவின் மழையைத் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கையை மட்டும் கற்றுக்கொண்டு வந்து தன் ஊர் வெயிலை எழுதுகிறான்.

* * *

ஷின் ஓஹாஷி இரும்புப் பாலமும் இப்போது அவ்விடத்தில் இல்லை. 1977-ல் வேறு பாலம் வந்துவிட்டது. ஆனால் பழையதை அடியோடு தூக்கி எறிந்துவிடாமல், அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோய் மெய்ஜி கிராமம் என்ற திறந்தவெளிக் காட்சிசாலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரப் பாலம் ஹிரோஷிகேயின் காகிதத்தில் இருக்கிறது. இரும்புப் பாலம் ஹஸுயியின் காகிதத்தில் இருக்கிறது. நதியைக் காட்டிலும் காகிதம் பாலத்தை அதிக காலம் தாங்குகிறது.

நம் ஊர்களிலும் பாலங்கள் இடிகின்றன, மண்டபங்கள் மறைகின்றன, கடைத்தெருக்கள் உருமாறுகின்றன. கைப்பேசியில் ஆயிரம் புகைப்படங்கள் எடுக்கிறோம். ஒன்றையேனும் இரண்டாம் தடவை பார்க்கிறோமா? ஆகையால் நேயர்களின் குடும்பங்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். இந்த மழைக்கால விடுமுறையில் குழந்தைகளுக்கு ஒரு லினோலியத் துண்டும், செதுக்கும் சிற்றுளியும், கொஞ்சம் அச்சு மையும் வாங்கிக் கொடுங்கள். உளி பிடிக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். அச்சு யந்திரம் தேவையில்லை. காகிதத்தின் முதுகில் மரக் கரண்டியால் தேய்த்தாலே போதும். ஊர்க் கோபுரமோ, மணிக்கூண்டோ, தண்ணீர்த் தொட்டியோ, எது அவர்களுக்குப் பிடிக்கிறதோ அதை மழையில் எழுதட்டும். ஒரே ஒரு நிபந்தனை: மழையில் நனைகிற ஓர் ஆள் படத்தில் இருக்க வேண்டும். அவன் யார், எங்கே போகிறான், அன்றைக்கு அவனுக்குக் கூலி கிடைத்ததா என்று குழந்தையிடம் கேளுங்கள்.

நாம் விடைபெற்றுக்கொண்டு புறப்படுகையில் மழை விட்டபாடில்லை. ஆயா தெருவைப் பார்த்து, "ஆட்டோக்காரரு ஒருத்தரு நனைஞ்சுக்கிட்டே நிக்கிறாரு, சாமி. கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். கூப்பிடச் சொன்னோம். இறங்கும்பொழுது கூலியைச் சற்றுச் சேர்த்தே கொடுத்தோம்.